"தொண்ணூறு சதவீதம் முடிந்தது" என்று எத்தனை மாதம் சொல்வார்கள்? செயலி ஒப்பந்தத் தாமதம் பற்றி

மளிகைக்காரர் (மெல்பர்ன்)

வணக்கம். மெல்பர்னில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று மளிகைக் கடைகள் இருக்கின்றன. புழுங்கல் அரிசி, மிளகாய்த்தூள், முருங்கைக்காய், உறைந்த தேங்காய்த்துருவல் என்று நம்மவர்கள் தேடிவரும் சரக்கு. ஆர்டரெல்லாம் இன்னும் தொலைபேசியில்தான். ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் ஒரு செயலி செய்துகொள்ளலாம் என்று தமிழ்நாட்டில் ஒரு சிறு நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தோம். இங்கே கேட்ட விலையில் கால்வாசிதான் சொன்னார்கள். பேச்சும் தமிழில். ஊர்க்காரர்கள், கைவிட மாட்டார்கள் என்று நம்பினோம்.

தீபாவளி விற்பனைக்குள் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. தீபாவளி போய், கிறிஸ்துமஸ் போய், பொங்கலும் போய்விட்டது. எப்போது கேட்டாலும், "தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது, பணம் செலுத்தும் பகுதி மட்டும் பாக்கி" என்கிறார்கள். திரையில் ஓடுவதைக் காணொளியாக அனுப்புகிறார்கள்; பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மொத்தத் தொகையில் முக்கால் பங்கு கைமாறிவிட்டது. இப்போது, கூடுதலாக இரண்டு பேரைப் போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும், அதற்குத் தனிக் கட்டணம் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது.

கொடுப்பதா, வேறு ஆளைப் பார்ப்பதா? அந்த நிறுவனத்தின் பெயர் [நீக்கப்பட்டது].

செலவாளி (சிங்கப்பூர்)

கால்வாசி விலைக்குக் கொடுத்துவிட்டு முழுச் செயலியை எதிர்பார்த்தால் எப்படி? உள்ளூரிலேயே கொடுத்திருக்க வேண்டும்.

மட்டுறுத்துநர்

நிறுவனப் பெயரை நீக்கியுள்ளேன். எதிர்த்தரப்பு இங்கே வந்து பதில் சொல்ல வழியில்லாதபோது பெயர் வேண்டாம். விவாதம் தொடரட்டும்.

நொய்யல்கரை (கோயம்புத்தூர்)

ஐயா, நான் எதிர்த்தரப்பு. இதே வேலையைச் செய்துதான் என் குடும்பம் நடக்கிறது. ஆகவே முதலில் எங்கள் வண்டவாளத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

வேலையைப் பிடிக்கும் கூட்டத்தில் நல்ல அனுபவசாலி ஒருவர் வந்து பேசுவார். கையெழுத்தானதும் அவர் அடுத்த வாடிக்கையாளரைப் பிடிக்கப் போய்விடுவார். உங்கள் செயலி, கல்லூரியை விட்டு வந்து ஓராண்டுகூட ஆகாத இரண்டு பிள்ளைகளின் மேசைக்கு வரும். அவர்களுக்கு அதோடு வேறு வேலைகளும் இருக்கும். எந்த வாடிக்கையாளர் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருடைய வேலை அன்றைக்கு நகரும். பிள்ளைகள் ஓரளவு தேறியதும் பெங்களூரிலிருந்து அழைப்பு வரும். பெரிய நிறுவனங்களில் 90 நாள் நோட்டீஸ் என்று கட்டிப்போடுவார்கள். எங்களைப் போன்ற சிறிய இடங்களில் மாதச் சம்பளம் வந்த மறுநாள் நாற்காலி காலியாக இருக்கும். அவர் எழுதியதை அடுத்தவர் படித்துப் புரிந்துகொள்ளும் வரை செயலி நின்ற இடத்திலேயே நிற்கும். இதை உங்களிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். "தொண்ணூறு சதவீதம்" என்றுதான் சொல்வார்கள். சொல்பவருக்கே அது எதில் தொண்ணூறு என்று தெரியாது. திரைகளை எண்ணிப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

இனி உங்கள் பக்கம். நடுவில் ஏதாவது "சின்ன மாற்றம்" கேட்டீர்களா? மூன்று கடை என்கிறீர்கள். ஒரே ஆர்டரில் மூன்று கடைச் சரக்கையும் வாங்க முடியுமா என்று கேட்டிருப்பீர்களோ என்று என் மனம் சொல்கிறது.

மளிகைக்காரர் (மெல்பர்ன்)

கேட்டேன். அதிலென்ன? வாடிக்கையாளருக்கு எந்தக் கடையில் எது இருக்கிறது என்று எப்படித் தெரியும்? வாட்ஸ்அப்பில் கேட்ட அன்றே, "செய்துவிடலாம் சார், சின்ன வேலைதான்" என்று பதில் வந்தது. கட்டை விரல் படமும் வந்தது.

நொய்யல்கரை (கோயம்புத்தூர்)

அந்தக் கட்டை விரல்தான் உங்கள் தீபாவளியைத் தின்றது.

கொஞ்சம் பொறுமையாக யோசித்துப் பாருங்கள். ஒரு கடை, ஒரு ஆர்டர் என்றால் கணக்கு எளிது. இருப்பில் ஒன்றைக் கழிக்க வேண்டும், பணத்தை வாங்க வேண்டும், முடிந்தது. மூன்று கடைச் சரக்கு ஒரே கூடையில் விழுந்தால்? இருப்பைக் கடைவாரியாகப் பிரிக்க வேண்டும். விநியோகக் கட்டணம் ஒன்றா, மூன்றா? இரண்டு கடைச் சரக்கு போய்ச் சேர்ந்து, மூன்றாவது கடையில் முருங்கைக்காய் இல்லையென்றால் எவ்வளவு பணத்தைத் திருப்பித் தருவது, விநியோகக் கட்டணத்தில் பங்கு உண்டா? வாடிக்கையாளர் பாதியை ரத்து செய்தால் தள்ளுபடிக் கூப்பன் செல்லுமா, செல்லாதா? இதில் ஒன்றுக்குக்கூட நிரலாளர் விடை சொல்ல முடியாது. கடைக்காரர்தான் சொல்ல வேண்டும். அவர்கள் உங்களிடம் கேட்டார்களா?

கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார், விலையை உயர்த்துகிறோம் என்று நினைப்பார் என்ற பயம். "முடியாது" என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வருவதில்லை. முடியாததற்குத் தலையாட்டிவிட்டு, பிறகு இரவில் உட்கார்ந்து எதையாவது ஒட்டவைப்போம். அதுதான் பணம் செலுத்தும் பகுதியில் போய் உடைகிறது. பணம் வாங்குவது கடினமான வேலையே இல்லை. எவ்வளவு வாங்குவது என்று முடிவாகாததுதான் கடினம்.

பிழைதேடி (சென்னை)

நான் சோதனைப் பிரிவில் இருப்பவள். மளிகைக்காரர் ஐயாவுக்கு ஒரு வேலை சொல்கிறேன். காணொளியை நம்பாதீர்கள். திரையில் ஓடுவதைக் காட்டுவதற்கு, பின்னால் இருந்து சரக்கு, விலைத் தகவலைத் தரும் சர்வரே தேவையில்லை.

ஆண்ட்ராய்டு தொலைபேசியில் நேரடியாக நிறுவக்கூடிய கோப்பு ஒன்றைக் கேளுங்கள். இதுவரை அந்தச் செயலியே இல்லாத தொலைபேசி ஒன்றில் அதை நிறுவுங்கள். திறப்பதற்கு முன் ஏரோப்ளேன் மோடைப் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கட்டும். பிறகு திறந்து பாருங்கள். இணையமே இல்லாமல் உங்கள் சரக்குப் பட்டியல், விலையோடு படத்தோடு பளிச்சென்று வந்தால், அந்தப் பட்டியல் செயலிக்குள்ளேயே தட்டச்சு செய்து வைக்கப்பட்டிருக்கிறது. பின்னால் சர்வர் எழுதியே முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். முன்பு ஒருமுறை திறந்த தொலைபேசியில் இதைச் செய்யாதீர்கள். பழைய தகவலைச் சேமித்து வைத்துக் காட்டுவது நல்ல செயலிகளும் செய்வதுதான்.

அடுத்தது பணம். ஸ்ட்ரைப் என்ற இணையப் பணச் சேவை வழியாக வாங்குவதாக இருந்தால் சோதனைக்கென்றே 4242 என்பதை நான்கு முறை எழுதும் அட்டை எண் இருக்கிறது. சோதனை நிலையில் அதைப் போட்டு ஓர் ஆர்டர் கொடுங்கள். ஸ்ட்ரைப் கணக்கின் பக்கத்தில் அந்தத் தொகை பதிவாகிறதா என்று நீங்களே பாருங்கள். பாதி வழியில் செயலியை மூடிவிட்டு மறுபடி திறந்து, ஆர்டர் இரண்டாக விழுகிறதா என்றும் பாருங்கள். சதவீதக் கணக்கெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பண்ணைக்கடல் (யாழ்ப்பாணம்)

நாங்கள் இங்கிருந்து லண்டன், ஒஸ்லோ வாடிக்கையாளர்களுக்குச் செயலி செய்கிறோம். தாமதம் என்றால் எல்லோரும் நிரல் எழுதும் நேரத்தைத்தான் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் பெரும்பகுதி கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் போகிறது.

அண்ணாவின் கணக்கையே பார்ப்போம். மெல்பர்னில் கோடைக்கால நேரம் நடக்கும் அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை இந்தியாவை விட ஐந்தரை மணி நேரம் முந்தி இருக்கிறீர்கள். மற்ற மாதங்களில் நாலரை. அங்கே காலை ஒன்பதுக்கு நீங்கள் அனுப்பும் கேள்வி இந்தியாவில் விடியற்காலை மூன்றரைக்கு விழுகிறது. அவர்கள் பத்து மணிக்கு வந்து அமர்ந்து படித்து, எதிர்க்கேள்வி கேட்கும்போது உங்களுக்குப் பிற்பகல் நாலு தாண்டிவிடும். அந்நேரம் கடையில் கூட்டம். நீங்கள் இரவு பதில் போட்டால் அவர்கள் மறுநாள்தான் எடுப்பார்கள். ஒரு சிறிய சந்தேகம் தீர இரண்டு வேலை நாள். வெள்ளிக்கிழமை எழுந்த சந்தேகம் என்றால் செவ்வாய்.

விடுமுறைகளையும் கூட்டுங்கள். டிசம்பர் கடைசியில் ஆஸ்திரேலியாவில் பாதி அலுவலகங்கள் மூடிவிடுகின்றன. அவர்கள் திரும்பி வந்து மின்னஞ்சலைத் திறக்கும்போது தமிழ்நாட்டில் பொங்கல். அதற்கு முன்பே வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியபோது மின்சாரமும் இணையமும் இல்லாமல் பல பகுதிகள் நாள்கணக்கில் தவித்தன. தீபாவளியைக் கெடுவாக வைப்பவர் அதற்குப் பிந்தைய இந்த மூன்று மாதங்களையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

எங்களுக்கு 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. ஜெனரேட்டருக்கு டீசலும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில், இன்றைக்கு எத்தனை மணி நேரம் மின்சாரம், அதற்குள் எது முடியும், எது முடியாது என்று வாடிக்கையாளருக்கு எழுதி அனுப்பினோம். வேலை மெதுவாகத்தான் போனது. ஒருவரும் எங்களை விட்டுப் போகவில்லை. மறைத்திருந்தால் போயிருப்பார்கள்.

செலவாளி (சிங்கப்பூர்)

எல்லாம் சரி, எழுதி முடித்தாலும் ஆப்பிள்காரன் தன் செயலிக் கடைக்குள் விடவேண்டுமே. அவன் ஆராய்ந்து பார்க்க மாதக்கணக்கில் ஆகும். விற்பனையில் முப்பது சதவீதம் வேறு பிடித்துக்கொள்வான். மளிகையில் அவ்வளவு லாபமே கிடையாது!

வெண்பனி (டொராண்டோ)

இரண்டும் தவறு. ஆப்பிள் தன் பக்கத்திலேயே சொல்வது, வரும் செயலிகளில் சராசரியாக 90 சதவீதத்தை 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிடுகிறோம் என்று. அரிசி, பருப்பு போன்ற கைக்கு வரும் பொருள்களுக்கு செயலிக்குள் பணம் வாங்கும் ஆப்பிளின் சொந்த முறையைப் பயன்படுத்தவே கூடாது என்பதுதான் விதி. அட்டை, ஸ்ட்ரைப் போன்ற வேறு வழியில்தான் வாங்க வேண்டும். பங்கு பிடிப்பதெல்லாம் செயலிக்குள் விற்கும் டிஜிட்டல் பொருள்களுக்கும் சந்தாக்களுக்கும்.

ஆனால் திருப்பி அனுப்பப்பட்டால் நாள் போகும், அது உண்மை. வழக்கமான காரணங்கள் தெரிந்தவைதான். ஆய்வாளர் உள்ளே நுழைந்து பார்க்கச் சோதனைக் கணக்கு தராமல் அனுப்புவார்கள். பயனர் கணக்கைத் திறக்க வழி வைத்துவிட்டு, அழிக்க வழி வைக்க மாட்டார்கள். 2022 ஜூன் 30 முதல் ஆப்பிள் இதைக் கட்டாயமாக்கிவிட்டது. கூகுளும் கேட்கிறது, அதற்கு இணையப் பக்கம் ஒன்றும் வேண்டும்.

மளிகைக்காரரிடம் என் கேள்வி வேறு. செயலியை வெளியிடும் ஆப்பிள், கூகுள் கணக்குகள் யார் பெயரில் இருக்கின்றன?

மளிகைக்காரர் (மெல்பர்ன்)

அவர்கள் பெயரில்தான் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். "உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்றார்கள்.

வெண்பனி (டொராண்டோ)

அந்தச் சிரமத்தை இன்றே எடுத்துக்கொள்ளுங்கள். செயலி இன்னொருவர் கணக்கில் இருந்தால் நாளைக்கு நீங்கள் வேறு ஆளைத் தேடும்போது அவர் தயவில்தான் மாற்ற முடியும்.

ஆப்பிளில் நிறுவனக் கணக்குக்கு ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர். கூகுளில் ஒரே முறை 25 டாலர். இரண்டிலும் நிறுவனமாகப் பதிய டி-யு-என்-எஸ் என்ற 9 இலக்க எண் வேண்டும். டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் நிறுவனம் தருகிறது. பதிவில் உள்ள பெயரும் முகவரியும் எழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் அதிலேயே நாள்கள் ஓடும். செயலி முடிந்த பிறகு இதைத் தொடங்குபவர்கள்தான் அதிகம். முதல் வாரமே தொடங்க வேண்டிய வேலை இது. ஸ்ட்ரைப் கணக்கும் அப்படித்தான்: உங்கள் ஏ.பி.என். என்ற ஆஸ்திரேலியத் தொழில் பதிவு எண்ணும் வங்கிக் கணக்கும் அடையாளச் சான்றும் இல்லாமல் அவர்களால் நிஜப் பணத்தை வாங்கிக் காட்டவே முடியாது. "பணம் செலுத்தும் பகுதி மட்டும் பாக்கி" என்பதில் ஒரு பங்கு இதுவாகக்கூட இருக்கலாம்; கேட்டுப் பாருங்கள்.

தாமதமான செயலிக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. கூகுள் ஆண்டுதோறும் விதியை உயர்த்துகிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய செயலிகள் ஆண்ட்ராய்டு 15ஐக் குறிவைத்து உருவாக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு முன் தொடங்கிய வேலை இழுத்தடித்து இந்தத் தேதியைத் தாண்டியிருந்தால், எழுதியதையே திருத்த வேண்டிவரும்.

மூலநிரலைச் (நிரலாளர் எழுதிய நிரலைச்) சேமித்து வைக்கும் கிட்ஹப் தளம், ஃபயர்பேஸ் என்ற கூகுளின் பின்னணிச் சேவை, வரைபடச் சேவை எல்லாவற்றுக்கும் உரிமையாளர் நீங்கள், அவர்கள் அழைக்கப்பட்டவர்கள் என்ற நிலை வேண்டும். கிட்ஹப்பில் இன்னொரு வசதி: நிரல் புரியாவிட்டாலும் தேதி புரியும். கடைசியாக எப்போது யார் கைவைத்தார்கள் என்று பார்க்கலாம்.

கறுப்புக்கோட்டு (மதுரை)

வழக்கறிஞர் என்ற முறையில் இரண்டு வார்த்தை. இது பொதுவான கருத்து, உங்கள் ஒப்பந்தத்தைப் பார்க்காமல் எழுதுவது.

பணம் கொடுத்ததாலேயே மூலநிரலின் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. ஊழியர் எழுதினால் நிறுவனத்துக்கு உரிமை. வெளி ஒப்பந்தக்காரர் எழுதினால், உரிமையை எழுத்துப்பூர்வமாக மாற்றித் தந்து கையொப்பமிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் 1968ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 19ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். மெல்பர்ன் கடைக்காரருக்கு இந்தியாவுக்குள் மட்டும் உரிமை எதற்கு? ஆகவே "உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்று எழுதி வாங்குங்கள். கடைசித் தவணை உங்கள் கையில் இருக்கும்போதே வாங்குங்கள்.

வழக்குப் போடலாமா என்று கேட்பீர்கள். இந்தத் தொகைக்கு இரண்டு நாட்டு நீதிமன்றச் செலவு தாங்காது. கையில் இருக்கும் கால்பங்குதான் உங்கள் வழக்கறிஞர்.

செலவாளி (சிங்கப்பூர்)

சொந்தத் தொழிலையே கெடுத்துக்கொள்ளும் வழக்கறிஞரை இன்றுதான் பார்க்கிறேன். சரி, கூடுதல் ஆள் போடுவதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? இரண்டு பேர் வந்தால் வேகம் கூடத்தானே செய்யும்?

நொய்யல்கரை (கோயம்புத்தூர்)

கூடாது. புதிதாக வருகிறவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது? இப்போது எழுதிக்கொண்டிருக்கும் அதே பிள்ளைகள்தான். அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்துவார்கள். வேலை தொடங்கும்போதே நாலு பேர் என்றால் வேறு. கடைசிக் கட்டத்தில் ஆள் சேர்ப்பது கட்டணம் வாங்கத்தான் உதவும். என் சக தொழிலாளிகள் என்னை மன்னிக்க.

ஆளைக் கூட்டாதீர்கள், வேலையைக் குறையுங்கள். ஒரே ஒரு கடை. விநியோகம் வேண்டாம், கடைக்கு வந்து எடுத்துக்கொள்வது மட்டும். பணமும் கடையிலேயே. இதை முதலில் வெளியிடுங்கள். மூன்று கடைக் கூடையை, நான் மேலே கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நீங்கள் ஒரு தாளில் விடை எழுதிய பிறகு தொடங்கட்டும். வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் அந்தத் தாள் வேண்டும். அதில்லாமல் மாறினால் புது ஊரில் பழைய கதை.

மளிகைக்காரர் (மெல்பர்ன்)

நியாயம் கேட்டு வந்தேன். பாதிப் பேர் என் தலையிலேயே பழியைப் போட்டுவிட்டீர்கள். இருக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

கோப்பு கேட்டதும் சாக்குப்போக்கு. கால்பங்குப் பணத்தை நினைவூட்டியதும் வந்தது. என் மகனின் தொலைபேசியில் நிறுவி, பிழைதேடி அம்மா சொன்னபடி ஏரோப்ளேன் மோடில் திறந்தோம். கடை முழுவதும் கண்முன் வந்து நின்றது! துவரம்பருப்பு சென்ற ஆண்டு விலையில். இருப்பு "12" என்று எல்லாப் பொருளுக்கும் ஒரே எண். உப்புக்கும் பன்னிரண்டு, உறைந்த நெத்திலிக்கும் பன்னிரண்டு.

அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பி, நிறுவனத்தின் உரிமையாளரோடு அல்லாமல் எழுதுகிறவரோடு பேச வேண்டும் என்றேன். ஒரு பெண் பிள்ளை வந்தது. இருப்புக்கான சர்வர் பகுதி தொடங்கியதோடு நிற்கிறது, எழுதியவர் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை, மூன்று கடைக் கூடையை எப்படிச் செய்வது என்று தனக்குப் புரியவில்லை, கேட்க அனுமதியும் இல்லை என்று ஒளிக்காமல் சொன்னது. இத்தனை மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் உண்மைத் தகவல். கோபப்பட முடியவில்லை.

கூடுதல் ஆள் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். ஒரு கடை, நேரில் எடுத்தல் மட்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மிச்சத் தொகையை மூன்றாகப் பிரித்திருக்கிறோம்: இணையமில்லாமல் திறந்தால் பட்டியல் வராத பதிப்புக்கு ஒன்று, கடையில் ஒரு நாள் முழுக்க நிஜ ஆர்டர் எடுத்த பிறகு ஒன்று, மூலநிரல் என் கிட்ஹப்புக்கு வந்து உரிமைப் பத்திரம் கையொப்பமான பிறகு கடைசி. உரிமையாளர் உரிமைப் பத்திரத்துக்கு மட்டும் முகம் சுளித்தார். கறுப்புக்கோட்டு ஐயாவின் வாசகத்தை அப்படியே அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை. அந்தப் பெண்ணோடு தினமும் எங்கள் நேரம் மூன்றரைக்குக் கால் மணி நேரம் பேசுவதாக ஏற்பாடு. அந்நேரம் கல்லாவில் மகன் நிற்பான்.

டி-யு-என்-எஸ் எண்ணுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். ஒரு சந்தேகம்: கூகுளில் 12 பேரை வைத்து 14 நாள் சோதனை நடத்த வேண்டும் என்று மகன் எங்கோ படித்திருக்கிறான். எங்களுக்கும் அது உண்டா?

வெண்பனி (டொராண்டோ)

அது 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு. முதலில் 20 பேர் என்று இருந்தது, பிறகு 12 ஆகக் குறைத்தார்கள். நிறுவனக் கணக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எண் வரும் வரை பொறுங்கள். அவசரப்பட்டு மகன் பெயரில் தனிநபர் கணக்கு திறந்துவிடாதீர்கள்.

பிழைதேடி (சென்னை)

கட்டாயம் இல்லாவிட்டாலும் சோதனை வேண்டும். முதல் பதிப்பு வந்ததும் இங்கே சொல்லுங்கள், ஐயா. என்னிடம் நினைவகம் நிரம்பி வழியும் பழைய சாம்சங் ஒன்று இருக்கிறது; எழுத்தளவைப் பெரிதாக்கி, செயலியைத் தமிழில் வைத்துப் பார்க்கிறேன். "கூடையில் சேர்க்கவும்" என்பது பொத்தானுக்கு வெளியே போகும் என்று இப்போதே பந்தயம் கட்டலாம்.